தீப் பற்றாத வியாழக்கிழமை

கொழும்பில் நான் இறங்கிய திங்கட்கிழமை நல்ல மழை. காட்டுத்தீ பற்றிய கருத்தரங்குக்கு வந்தவள், முதல் காரியமாக வெள்ளவத்தையில் ஒரு குடை வாங்கினேன். எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் வெளியே கொட்டிக்கொண்டிருந்த மழையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேட்காமலே விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

மதுரையில் ஒரு நாளிதழில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவள் நான். மாசி, பங்குனி வந்தால் எங்கள் பக்கத்து மலைகளில் தீப்பிடிக்கும். தகவல் வரும், ஜீப்பில் ஏறுவோம், போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். எத்தனையோ காட்டுத்தீச் செய்திகள் என் பெயரில் வந்திருக்கின்றன. ஆனால் எரிகிற காட்டை நான் பார்த்ததில்லை, சாம்பலைத்தான் பார்த்திருக்கிறேன். ஆய்வாளர்களையும் தீயணைப்புப் படையினரையும் மூன்று நாள் ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கப்போகிறோம், தமிழில் ஓர் அறிக்கை எழுதித் தருவீர்களா என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

தங்கியது கமலா அன்ரியின் வீட்டில். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசி வீடு அது. அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். அன்ரி வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர். மேல் மாடியின் இரண்டு அறைகளை வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு விடுகிறார். நான் பெட்டியைக் கீழே வைத்ததும் ஒரு ரயில் போனது. அலமாரியிலிருந்த தட்டுகள் எல்லாம் ஒருமுறை பேசி ஓய்ந்தன.

"பயப்படாதேங்கோ பிள்ளை, கோச்சிதான்," என்றார் அன்ரி. "மூண்டு நாளில பழகிடும். நாலாம் நாள் கோச்சி வராட்டித்தான் நித்திரை வராது."

அடுத்த அறையில் இருந்தவர் புஷ்பராணி. பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுப்பவர். நாற்பது வயதுக்கு மேல் கொஞ்சம் இருக்கும். கருத்தரங்கில் பேச அழைக்கப்பட்டவர்களில் பெயருக்குப் பின்னால் பட்டமோ பெயருக்கு முன்னால் பதவியோ இல்லாத ஒரே ஆள். அவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

"பத்து நிமிசம் என்னாத்துக்குங்க?" என்று என்னிடம் கேட்டார். "எனக்கு வேண்டியது ஒரு கடுதாசி. அதக் கேக்க ஒரு நிமிசம் போதும்."

அந்தக் கடுதாசியின் கதையை அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார். இடியப்பமும் சொதியும் நடுவில் இருந்தன. மதுரையில் இடியப்பம் காலைக்கு உரியது. இங்கே இரவிலும் அதே மரியாதை. அவர்களுடைய தோட்டத்துக்கு மேலே சரிவு முழுவதும் மானாப்புல். ஆள் உயரம் வளரும். காற்றுக் காலத்தில் காய்ந்து நிற்கும்போது யாரோ எறிந்த பீடித்துண்டு போதும். போன வருடம் அந்தத் தீ பிள்ளைக் காம்பராவின் பின்சுவர் வரை வந்துவிட்டது. தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது.

"பதினோரு புள்ளைங்க. கொழுந்துக் கூடையில வச்சுத்தான் எறக்கினோம். ஒரு கூடையில ரெண்டு ரெண்டா." அவர் இடியப்பத்தைப் பிய்த்தபடி சொன்னார். "காத்துக் காலத்துக்கு முன்னாடியே, காம்பராவுக்குப் பின்னால பத்தடிக்கு நாங்களே புல்ல எரிச்சு விட்டுட்டா, பெரிய நெருப்பு வந்தாலும் அங்கின நின்னுரும். எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்ச வேலதான். ஆனா தோட்டத்து நெலத்துல நெருப்பு வச்சா கேசு. அனுமதி கேட்டா, தோட்டத்து ஆபீஸ்ல தீயணைப்புக்காரங்க கிட்ட கடுதாசி வாங்கிட்டு வாங்கன்னு சொல்றாங்க. அவங்க கிட்ட போனா, நெருப்ப அணைக்கத்தான் எங்களுக்கு உத்தரவு இருக்கு, வைக்க இல்லங்கிறாங்க."

கருத்தரங்கின் கடைசி நாளில் ஒரு பரிந்துரைப் பட்டியல் வெளியாகும். அதில் ஒரு வரி இடம்பெற்றால், ஊர்த் தீயணைப்பு நிலையம் அதைக் காட்டிக் கடிதம் தர முடியும். நிபந்தனை ஒன்றுதான்: ஆய்வாளர்கள், தீயணைப்புப் படையினர் என இரு தரப்பும் ஒப்புக்கொண்டவை மட்டுமே பட்டியலில் சேரும். ஒரு தரப்பு மறுத்தாலும் அந்த வரி விழுந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை மழை போன இடம் தெரியவில்லை. நனைந்த என் உடுப்பை மாடிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். அன்ரி கீழேயிருந்து தடுத்தார்.

"அந்தக் கொடியில போடாதேங்கோ. இப்ப காத்து தரையில இருந்து கடலுக்குப் போகுது. பதினொரு மணிக்குத் திரும்பும். பிறகு உங்கட சாறி பக்கத்து வீட்டு மதிலுக்கங்கால போய் விழும்."

புஷ்பராணி பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "தெனமும் பதினோரு மணிக்கா திரும்புது?"

"இந்த மாசத்தில தினமும். எங்கட வங்கியில ஆக்கள் அவ்வளவு நேரத்துக்கு வந்ததில்லை."

கருத்தரங்கு ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. தீயைப் பற்றிப் பேசுகிற இடம் என்பதற்காகவோ என்னவோ, குளிரூட்டியை அப்படி வைத்திருந்தார்கள். நான் முதலில் கவனித்தது இருக்கைகளை. ஆய்வாளர்கள் எல்லோரும் முன்வரிசைகளில், சுவரோரமாக, மின் இணைப்புக்குப் பக்கத்தில். படையினர் எல்லோரும் பின்வரிசைகளில், ஓரத்து நாற்காலிகளில், கதவுக்குப் பக்கத்தில். ஏழு நாடுகளிலிருந்து வந்தவர்கள், யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. நடு வரிசைகள் காலியாகக் கிடந்தன. நான் அங்கே உட்கார்ந்தேன். செய்தியாளருக்கு அது வசதியான இடம்.

முதல் நாள் முழுவதும் படங்கள். வானத்திலிருந்து எடுத்த படங்களில் தீ சிவப்புப் புள்ளியாகத் தெரிகிறது. போர்த்துக்கலிலிருந்து வந்த மரியானா என்ற ஆய்வாளர் அந்தப் புள்ளிகளைப் பெருக்கியும் வகுத்தும் காட்டினார். புத்திசாலி, வேகமாகப் பேசுபவர். பின்வரிசையிலிருந்து யாரோ, புள்ளி தெரிந்து எத்தனை நேரம் கழித்து எங்களுக்குத் தகவல் வரும் என்று கேட்டார். மரியானா சொன்ன நேரத்தைக் கேட்டதும் பின்வரிசை மொத்தமும் சிரித்தது. மரியானாவும் சிரித்துவிட்டார். கருத்தரங்கில் முன்வரிசையும் பின்வரிசையும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

தேநீர் இடைவேளையில் புஷ்பராணி கோப்பையிலிருந்த பையை நூலைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தூசி," என்றார். "நல்ல எல எல்லாம் கப்பல்ல போயிருதுங்க. பறிக்கிற எங்களுக்கும் தூசி, இவ்வளவு பெரிய ஓட்டல்ல இவங்களுக்கும் தூசி."

"எங்களுக்கும் அதுதான் மிஸ், ஸ்டேஷன்ல," என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்படித்தான் அந்தோனி அறிமுகமானார். நகரத்துக்குப் பக்கத்துத் தீயணைப்பு நிலையம் ஒன்றின் அதிகாரி, கொட்டாஞ்சேனைக்காரர், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. பரிந்துரைப் பட்டியலில் படையினர் தரப்பில் கையெழுத்துப் போடப்போகிறவர் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. அந்த இடைவேளையில் மூன்று மாலுபாண் சாப்பிட்டார். மீனை உள்ளே அடைத்த பன் அது. நான் ஒன்று சாப்பிட்டேன், இன்னொன்றைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் புஷ்பராணியின் பத்து நிமிடம். ஏற்பாட்டாளர்கள் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவர் மேடையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, கூடையையும் குழந்தைகளையும் புல்லையும் சொல்லி முடித்தபோது நான்கு நிமிடம் ஆகியிருந்தது. முன்வரிசை தலையாட்டியது. அவர் சொன்ன முறை பல நாடுகளில் இருக்கிறது என்றார் மரியானா. பின்வரிசையிலிருந்து அந்தோனி எழுந்தார். மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் தமிழிலேயே பேசினார்.

"அக்கா, குறை நினைக்க வேணாம். நான் பத்தொன்பது வருஷமா நெருப்பு அணைக்கிற ஆள். இப்ப நீங்க நெருப்பு வைக்க என்கிட்ட லெட்டர் கேக்கிறீங்க. நாளைக்கு அது கைய விட்டுப் போனா?"

"சார், எங்க தோட்டத்துக்கு உங்க வண்டி வந்து சேர ஒண்ணரை மணித்தியாலம்," என்றார் புஷ்பராணி. "ஒவ்வொரு தடவையும் நாங்க அணைச்ச பெறகுதான் நீங்க வருவீங்க. வந்து எங்களையே போட்டோ புடிச்சிட்டுப் போவீங்க. அதனாலதான் இந்தத் தடவ முன்னாடியே கூப்புடுறேன்."

நான் இதை ஆங்கிலத்தில் சொல்வதற்குள் தமிழ் தெரிந்தவர்கள் சிரித்து முடித்திருந்தார்கள். அந்தோனியும் சிரித்தார். ஆனால் உட்காரும் முன், "அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டன்," என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

அன்று மாலை அவரே என்னைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். தமிழ் அறிக்கையில் தன்னைப் பற்றித் தவறாக வந்துவிடக் கூடாது என்ற கவலை. "கொட்டாஞ்சேனைக்கு வந்து சர்ச்சுக்கு எதிர் ஒழுங்கை எண்டு சொல்லுங்க, போதும்," என்றிருந்தார். முச்சக்கர வண்டிக்காரரிடம் அப்படியே சொன்னேன். அவர் ஒரு சர்ச் முன்னால் நிறுத்தினார். எதிரே ஒழுங்கை இருந்தது, அந்தோனி இல்லை. இரண்டாவது சர்ச், இரண்டாவது ஒழுங்கை. மூன்றாவதில் எதிரே சைவக் கோயில் இருந்தது. நான்காவதுக்குப் போகும் வழியில் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "அக்கா, கொட்டாஞ்சேனையில் சர்ச்சுக்கு எதிரே என்று விலாசம் சொல்வது கடலில் உப்புக்குப் பக்கத்தில் என்று சொல்வதுபோல," என்றார். சிங்களத்தில் சொன்னதைச் சந்தியில் நின்ற ஒருவர் எனக்குத் தமிழில் சொல்லி உதவினார். மதுரையில் டீக்கடைக்கு எதிரே என்று நான் சொன்ன விலாசங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

வீட்டைக் கண்டுபிடித்ததும் முதலில் கண்ணில் பட்டது வாசலில் இருந்த செருப்புகள். ஐந்து ஜோடி. எல்லாம் தெருவைப் பார்த்து வரிசையாக இருந்தன. அவருடைய பழைய வேனும் ஒழுங்கைக்குள் பின்பக்கமாக நுழைந்து, முகம் வெளியே தெரிய நின்றது.

"கலியாணம் முடிஞ்ச அண்டைக்கே என்ட செருப்பயும் திருப்பி வச்ச மனுசன் மிஸ்," என்றார் அவருடைய மனைவி ஸ்டெல்லா. "என்னடா, வந்த உடனே போகச் சொல்றாரோ எண்டு நான் அழுதுட்டன்."

"வந்து நிக்கிறது பெரிய விஷயமில்ல மிஸ்," என்றார் அந்தோனி. "உடனே புறப்படுற மாதிரி நிக்கோணும். எங்கட வேலை அது."

தவக்காலம், அதனால் இறைச்சி இல்லை என்று ஸ்டெல்லா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மீன் குழம்பு, இறால் பொரியல், நண்டுக் கறி ஆகியவற்றைப் பரிமாறினார். இப்படி ஒரு தவத்தை நான் மாதக்கணக்கில் செய்வேன்.

சாப்பிட்டு முடித்ததும் அந்தோனி குரலைத் தாழ்த்தினார். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலத்தில் நடந்தது. தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் பின்னால் கிடந்த சருகை எரிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். "பரவாயில்ல, எரிங்க எண்டு நான்தான் சொன்னன். காத்தப் பாக்கல. பக்கத்தில தச்சுப் பட்டறை. முழுசாப் போச்சு. ஆளுக்கு ஒண்டும் இல்ல, அந்தோனியார் புண்ணியம். ஆனா அந்தப் பட்டறைக்காரன் என்னப் பாத்த பார்வை இருக்கே மிஸ்... அதுக்குப் பிறகு பரவாயில்ல எண்ட சொல்ல நான் பாவிச்சதில்ல."

வியாழன் காலை கருத்தரங்கு வேனில் போகும்போது, அந்தோனியிடம் தொலைபேசியில் அனுமதி கேட்டுக்கொண்டு, இதைப் புஷ்பராணியிடம் சொன்னேன். வேன் களனி ஆற்றுப் பாலத்து நெரிசலில் நின்றிருந்தது.

"அப்ப நல்ல ஆளுதான்," என்றார். "பயமில்லாதவன் கையிலதான் நெருப்பக் குடுக்கக் கூடாது."

வியாழன் காலை நிகழ்ச்சி செயல்விளக்கம். வத்தளைப் பக்கம் ஒரு வெறும் காணி. இடுப்பளவு காய்ந்த புல். அந்தோனியின் ஆட்கள் அதில் தீ வைப்பார்கள், புதிதாக வந்த வண்டி அதை இரண்டு நிமிடத்தில் அணைத்துக் காட்டும். பத்து மணிக்கு விருந்தினர்கள், மேலதிகாரிகள், ஒரு தொலைக்காட்சிக் கமரா. பிற்பகலில் மண்டபத்துக்குத் திரும்பியதும் பரிந்துரைப் பட்டியல் வாசிப்பு. வண்டி பளபளவென்று, முகம் வாயிலைப் பார்த்து நின்றது.

ஒருவர் தீப்பந்தத்தைப் புல்லில் வைத்தார். புகை வந்தது. இன்னொருவர் வைத்தார். இன்னும் புகை. மூன்றாவது இடத்தில் டீசல் ஊற்றி வைத்தார்கள். டீசல் எரிந்தது, தீர்ந்ததும் அணைந்தது. கமராக்காரர் கமராவை இறக்கினார். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: ஏழு நாடுகள், நாற்பது வல்லுநர்கள், ஒரு தீயும் இல்லை.

மரியானா என் காதருகே, "எங்கள் ஊரில் இப்படி ஒரு புல்வெளி கிடைத்தால் கோடை முழுக்க நிம்மதியாகத் தூங்குவோம்," என்றார்.

காரணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தீ எல்லை மீறக் கூடாது என்று, முந்தின மாலை முறைக்கு வந்தவர்கள் காணியைச் சுற்றி ஓரம் முழுவதும் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். அது தெரியாமல் இரவு முறைக்காரர்களும் அடித்திருக்கிறார்கள். விடியற்காலை வந்தவர்கள், விருந்தினர் வருகிறார்கள் என்று, இன்னும் கொஞ்சம் தாராளமாக அடித்திருக்கிறார்கள். மூன்று முறைக்காரர்களும் தங்கள் கடமையைச் சரியாகச் செய்திருந்தார்கள்.

"எரிக்கச் சொன்ன புல்லுக்கு மூண்டு தரம் தண்ணி ஊத்தியிருக்கிறீங்களேடா!" என்று அந்தோனி தன் ஆட்களிடம் கத்தினார்.

"சேர், நெருப்பு எண்டு சொன்னாக் கை தன்பாட்டில வால்வுக்குப் போகுது," என்றார் அவர்களில் ஒருவர். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தோனியின் முகம் சட்டையின் நிறத்துக்கு வந்திருந்தது. சட்டை சிவப்பு. என் குடையைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்ற புஷ்பராணியிடம் அவர் நடந்து வந்தார்.

"அக்கா, நீங்க ஒருக்கா பாருங்க."

புஷ்பராணி குடையை என்னிடம் தந்துவிட்டுக் காணிக்குள் இறங்கினார். ஓரத்துப் புல்லைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. நேராக நடுவுக்குப் போய் ஒரு பிடி பிடுங்கி முறித்தார். அது முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"நடுவுல காஞ்சுதான் கெடக்கு. குழாய்த் தண்ணி இம்புட்டுத் தூரம் வரல," என்றார். "இந்த ஓரத்து ஈரம் இருக்கே, இது நல்லது சார். எங்க ஊருல இப்பிடி ஒருத்தரும் நனைச்சுத் தர மாட்டாங்க. மணி என்ன?"

"பத்தே கால்."

"பதினொண்ணு வரைக்கும் பொறுங்க."

"அவ்வளவு நேரமா? ஏன்?"

"இப்ப காத்து அங்கிட்டிருந்து வருது. பதினோரு மணிக்குக் கடல் பக்கமிருந்து திரும்பும். திரும்புற நேரத்துல நெருப்பு வச்சா அது எந்தப் பக்கம் போகும்னு நெருப்புக்கே தெரியாது. திரும்பி முடியட்டும்."

மேலதிகாரி, அந்தம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வெள்ளவத்தையில் ஒரு துணி காயப்போடும் கொடியிலிருந்து என்று நான் சொல்லவில்லை. மரியானா தன் கைபேசியில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "பதினொன்றுக்குப் பத்து நிமிடம் முன்பின்னாக," என்றார்.

நாற்பது பேர் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். யாரோ போய் வாங்கி வந்த கடலையைச் சுருள் சுருளாகப் பிரித்துக்கொண்டோம். முன்வரிசைக்காரர்களும் பின்வரிசைக்காரர்களும் முதன்முறையாகக் கலந்து, ஒரே பூவரசு மர நிழலில், தத்தம் ஊர்க் காற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் கருத்தரங்கில் மிகச் சிறந்த அமர்வு என்று அதையே அறிக்கையில் எழுதினேன். ஏற்பாட்டாளர்கள் பிறகு அதை வெட்டிவிட்டார்கள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பூவரசின் இலைகள் புரண்டன. வியர்த்திருந்த கழுத்தின் மறுபக்கம் குளிர்ந்தது. புஷ்பராணி கொஞ்சம் சருகைத் தூவிப் பார்த்துவிட்டு அந்தோனியிடம் திரும்பினார்.

"உங்க பசங்கள குழாயக் கீழ வச்சிட்டு ஆளுக்கொரு கெள ஒடிக்கச் சொல்லுங்க. எல நெறையா இருக்கணும்."

சீருடையும் தலைக்கவசமும் அணிந்த ஆறு பேர் பூவரசங் கிளைகளோடு வரிசையில் நின்ற காட்சிக்காகக் கமராக்காரர் மறுபடியும் கமராவைத் தூக்கினார். புஷ்பராணி காற்று போய் முடிகிற கிழக்குப் பக்கத்தில், ஈர ஓரத்துக்கு உட்புறமாக, ஒரு கோடு இழுப்பதுபோலத் தீ வைத்துக்கொண்டே நடந்தார். இந்த முறை பற்றியது. காற்றை எதிர்த்துப் போக வேண்டியிருந்ததால் தீ முழங்கால் உயரத்தில், முணுமுணுத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. வெளிப்பக்கம் ஈரத்தைத் தொட்டு அவிந்தது. உள்பக்கம் பத்தடி போனதும் அவர் கையைக் காட்டினார். ஆறு கிளைகளும் இறங்கின. தீயை அடிக்கவில்லை, அமுக்கினார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும், அடித்தால் பொறி பறக்கும் என்று அவர் முன்னாலேயே சொல்லியிருந்தார். முடிந்தபோது காணியின் கிழக்கு ஓரம் நெடுக ஒரு கறுப்புப் பட்டை கிடந்தது.

"இப்ப உங்க வேலைய நீங்க செய்யுங்க சார்," என்றார்.

அந்தோனி தன் ஆட்களைக் கறுப்புப் பட்டைக்கு இந்தப் பக்கம் குழாயோடு நிறுத்தினார். வால்வில் ஓர் ஆள். குழாயின் முனையைத் தானே பிடித்துக்கொண்டார். எதிர்ப்பக்கம், காற்று வருகிற மேற்கில், தீ வைத்தார்கள்.

எரிகிற தீ என்றால் என்ன என்று நான் பார்த்தது அப்போதுதான். அது நடக்கவில்லை, ஓடியது. தலைக்கு மேல் எழுந்து, துணி கிழிவதுபோன்ற சத்தத்தோடு, எங்களை நோக்கி வந்தது. நான் என்னை அறியாமல் நாலடி பின்வாங்கினேன். முன்வரிசைக்காரர்கள் என்னைவிட அதிகம். அந்தோனி வாயைத் திறந்து உத்தரவு கொடுக்கப் போனார். அதற்குள் தீ கறுப்புப் பட்டையைத் தொட்டது. தொட்ட இடத்தில் அப்படியே உட்கார்ந்தது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் நாக்கை நீட்டிப் பார்த்தது. பிறகு எரிய ஒன்றும் இல்லாமல் அணைந்தது.

அந்தோனி காய்ந்த குழாயைப் பிடித்தபடி நின்றார். வால்வுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை அவருடைய கை தன்பாட்டில் எங்கேயும் போகவில்லை.

பிற்பகலில் மண்டபம் மறுபடியும் குளிர்ந்தது. எல்லோர் மேலும் புகை வாசனை. தலைவர் பட்டியலை வாசித்தார். புஷ்பராணியின் வரி கடைசியில் வந்தது: காற்றுக் காலத்துக்கு முன்பு, குடியிருப்புகளின் ஓரத்தில், பழகிய ஆட்களைக் கொண்டு புல்லை எரித்துத் தடுப்புப் பட்டை அமைக்கத் தீயணைப்பு நிலையங்கள் எழுத்தில் அனுமதி தரலாம். படையினர் தரப்பில் மறுப்பு உண்டா என்று தலைவர் கேட்டார்.

அந்தோனி கையைத் தூக்கினார். புஷ்பராணி என் முழங்கையைப் பிடித்தார். அவருடைய விரல்கள் கொழுந்து எடுத்துப் பழகியவை. வலித்தது.

"ஒரு வரி சேர்க்கோணும்," என்றார் அந்தோனி. "எரிக்கிற நேரத்தில தீயணைப்பு வண்டி ஒண்டு பக்கத்தில நிக்கோணும். அது இல்லாம எரிக்கக் கூடாது." பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்கட தோட்டத்துக்கு வண்டி வருமா?"

"கோயில் வளைவு மட்டும் வருங்க. கொழுந்து லொறி அதுவரைக்கும் வருது."

"திருப்ப இடம் இருக்கா?"

"லொறி திரும்புதே."

"அப்ப மறுப்பு இல்ல," என்று சொல்லிவிட்டு, கதவோரத்து நாற்காலியில் உட்காராமல், காலியாக இருந்த நடுவரிசைக்கு வந்து எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எதையோ சொல்ல நினைத்து, யோசித்து, பிறகு சொன்னார்: "பரவாயில்ல அக்கா. எரிங்க."

வெள்ளிக்கிழமை நான் புறப்பட்டேன். கமலா அன்ரி பயணத்துக்கென்று கட்டிக்கொடுத்த ரொட்டியும் சம்பலும் மூன்று வேளைக்குப் போதுமானதாக இருந்தன. மதுரைக்கு வந்து நாலைந்து இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை. கோச்சி இல்லை.

வைகாசிக் கடைசியில் புஷ்பராணியிடமிருந்து ஒரு படம் வந்தது. வளைவில் ஒரு சிவப்பு வண்டி, பின்பக்கமாக ஏற்றி, முகத்தைக் கீழ்ப்பாதையை நோக்கி வைத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. வண்டிக்குள் ஒருவரும் இல்லை. மேலே சரிவில், பிள்ளைக் காம்பராவின் வெள்ளைச் சுவருக்குப் பின்னால், ஒரு கறுப்புப் பட்டை. அதன் ஓரத்தில் பெண்களும் சீருடைக்காரர்களும் கலந்து நிற்கிறார்கள். எல்லோர் கையிலும் கிளை. லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு வந்ததாகப் புஷ்பராணி சொன்ன அந்தோனி, சிவப்புச் சட்டை இல்லாமல், ஆனால் அதே சிரிப்போடு நடுவில் நிற்கிறார்.

படத்தோடு குரல் செய்தி ஒன்றும் இருந்தது. பின்னணியில் குழந்தைகளின் இரைச்சல்.

"அக்கா, வண்டித் தண்ணி ஒரு சொட்டுக் கொறையல. அப்பிடியே திருப்பிக் கொண்டு போறாங்க. நம்ம ஊத்துப் பீலித் தண்ணியில எல்லாருக்கும் பிளேன்டீ ஊத்திக் குடுத்தோம். தூசி இல்லக்கா. நல்ல எல."